விஜிக்கு, மாலத்தீவுக்கு

அன்புள்ள விஜி,

உன் மெயிலுக்கு இவ்ளோ லேட்டா பதில் போடுறேன், திட்டாத. அம்மாவுக்கு கேட்டராக்ட் ஆபரேஷன், பையனுக்கு ப்ளஸ் டூ ரிவிஷன் டெஸ்ட், நடுவுல ஆபீஸ்ல ஆடிட்டு வேற. அம்மா இப்ப நல்லா இருக்காங்க, கண்ணு தெரிய ஆரம்பிச்சதும் மொத வேலையா கிச்சன் டைல்ஸ்ல இருந்த எண்ணெய்ப் பிசுக்கக் காட்டி என்னை ஒரு வாங்கு வாங்கினாங்க.

உங்க தீவுப் பக்கத்துல கடல்லேருந்து மண்ணை உறிஞ்சி எடுத்து புதுசா நிலம் போடுறாங்க, தண்ணி பூரா பால் மாதிரி கலங்கிக் கெடக்குதுன்னு எழுதியிருந்தியே, அதப் படிச்சதும் நம்ம திருவொற்றியூர் குப்பம்தான் மனசுல ஓடுச்சு. ஹார்பர் கட்டினப்புறம் தெக்கேருந்து வர்ற மணல் அங்கயே தடுத்து நின்னு மெரினா அகலமாச்சு, வடக்க ராயபுரத்துலேருந்து நம்ம பக்கம் வரைக்கும் கடல் அரிச்சுட்டே வந்துச்சு. இப்பவும் ரோட்டோரம் பூரா கருங்கல்லுதான், இடுக்குல நண்டு ஓடுது, வலை காயப்போட மணல் இல்ல. மணலோட விளையாடினா கடல் சும்மா விடாதுன்னு நம்மளுக்கு யாரும் சொல்லித்தர வேணாம். ஆனாலும் அவங்களக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரலடி, நாட்டுல முக்கால்வாசி நிலம் கடல் மட்டத்துலேருந்து ஒரு மீட்டர் கூட ஏறாது, தலைநகர் மாலேல ஜனம் நெருக்கியடிச்சுக் கெடக்கு, ஹுல்ஹுமாலே மாதிரி கொஞ்சம் உசத்திப் போட்ட தீவு கட்டாம வேற எங்க போவாங்க?

அந்த வேகத்துல படிக்க ஆரம்பிச்சு ஒரு விஷயத்துல அப்படியே நின்னுட்டேன். 2004 டிசம்பர் 20ஆம் தேதி ஐநா பொதுச்சபைல தீர்மானம், மாலத்தீவு முன்னேறிடுச்சு, சலுகை கெடைக்குற ரொம்பப் பின்தங்கின நாடுங்க லிஸ்ட்லேருந்து எடுத்துடலாம்னு. ஆறே நாள், சுனாமி. அன்னிக்குக் காலைல நாம ஓடினது உனக்கே தெரியும். அங்க செத்தவங்க நூறு பேருக்கு மேல, நம்ம நாகப்பட்டினத்தோட பாத்தா கம்மியாத் தெரியும், ஆனா நஷ்டம் நாட்டோட ஒரு வருஷ உற்பத்தில 62 சதவீதம்! அப்புறம் தள்ளிப்போட்டு 2011லதான் எடுத்தாங்க. கரீபியன் கடல்ல இருக்குற ஆண்டிகுவா பார்புடா நாட்டுக் கதைய கேளு, 2017ல இர்மா புயல் அடிச்சு பார்புடா தீவுல இருந்த அத்தன பேரையும் காலி பண்ணி ஆண்டிகுவாவுக்குக் கூட்டிட்டுப் போனாங்க, அந்த நாட்டையே 2022ல பணக்கார நாடுன்னு சொல்லி உதவி வாங்குறவங்க லிஸ்ட்லேருந்து தூக்கிட்டாங்க.

எல்லாம் இந்தத் தலைக்கு வருமானம் பண்ற வேலை. ரிசார்ட்ல ஒரு ராத்திரிக்கு வாங்குற காசையும் உங்க ஸ்கூல் ஆயாம்மா சம்பளத்தையும் ஒண்ணாக் கூட்டி வகுத்தா யாருமே ஏழை இல்லதான். நம்ம ஊர் வருமானச் சான்றிதழ் மாதிரி, சம்பளம் எவ்ளோன்னு கேப்பாங்க, வீடு ஏரிக்குள்ள நிக்குதான்னு கேக்க மாட்டாங்க. இதத்தான் தீவு நாடுங்க 1990லேருந்து ஒண்ணா சேந்து கத்திட்டிருக்காங்க, எங்களுக்கு தர்மம் வேணாம், அளக்குற கோலை மாத்துங்கன்னு. 2024 ஆகஸ்ட்லதான் எவ்ளோ சுலபமா அடிபடும்ங்கறதயும் கணக்குல எடுக்குற ஒரு அளவுகோலை ஐநா ஏத்துக்கிச்சு. கடன் குடுக்குற பேங்குங்க அதப் பாத்தே ஆகணும்னு கட்டாயம் இல்ல, அங்கதான் இடிக்குது.

அதே கரீபியன் பக்கம் கிரெனடான்னு ஒரு தீவு நாடு பண்ணதுதான் எனக்குப் புடிச்சது. 2004ல ஐவன் புயல்ல அடிவாங்கி, கடனும் கட்ட முடியாமப் போய், அப்புறம் கடன் பத்திரத்தத் திருப்பி எழுதுறப்ப பெரிய புயல் வந்தா தவணைய தள்ளிப்போடலாம்னு ஒரு ஷரத்து சேத்தாங்க. 2024ல பெரில் புயல் வந்துச்சு, அந்த ஷரத்த எடுத்து நீட்டிட்டாங்க, யார் கால்லயும் விழல. இத ஏன் எல்லா நாட்டுக் கடன்லயும் போடக்கூடாது?

எங்க ஆபீஸ்ல ஒரு சார்கிட்ட இதச் சொன்னா, "தம்மாத்தூண்டு நாடும்மா, எல்லாரையும் வேற நாட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ட்டா முடிஞ்சுது"ங்கறார். பசிபிக் கடல்ல இருக்குற குட்டித் தீவு நாடு துவாலுவுக்கு ஆஸ்திரேலியா அப்படி ஒரு ஒப்பந்தம் 2023ல போட்டிருக்கு, வருஷத்துக்கு 280 பேரு. போறவங்க போகட்டும், ஆனா கடலும் மீனும் கொடியும் கூடவே வருமா? இவரையே கும்மிடிப்பூண்டி பிராஞ்சுக்கு மாத்தினப்ப என்னா குதி குதிச்சாரு, அத மறந்துட்டாரு.

சரி, எனக்கு ஒண்ணு விசாரிச்சு சொல்லு. உங்க பக்கம் சூரைய ஒவ்வொண்ணா தூண்டில் போட்டுத்தான புடிப்பாங்க, அதுக்கு வேண்டிய உயிர் இரை மீனு ரீஃப் ஓரத்துலதான் கெடைக்கும்னு படிச்சேன். மண்ணு எடுக்க ஆரம்பிச்சப்புறம் அது கெடைக்குதா, இல்ல தூரமாப் போறாங்களா? படகுக்காரங்க புள்ளைங்க உன் கிளாஸ்லயே இருப்பாங்க, நேரா கேட்டுடு. லீவுக்கு வர்றப்ப மாசிக்கருவாடு மறக்காத, போன தடவ கொண்டாந்தத அம்மா ஒளிச்சு வச்சு ஒளிச்சு வச்சு தீத்துட்டாங்க.

அன்புடன்,
சுமதி