கதவுக்குள் ஒரு கதவு

கார்டிஃப்
ஞாயிறு இரவு

அன்புள்ள முத்து,

எட்டு மாதமாக உனக்குப் பதில் போடவில்லை. இதற்குள் திட்டித் தீர்த்திருப்பாய் என்பதால் மன்னிப்பைச் சுருக்கமாகவே கேட்கிறேன். அம்மாவின் கண் அறுவை நல்லபடி முடிந்ததாகச் சுந்தரி சொன்னாள். நிம்மதி. இங்கே எல்லோரும் நலம், என் இடது கட்டைவிரலைத் தவிர.

விரல் கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். இங்கே ரோத் பகுதியில் நாங்கள் வாங்கிய விக்டோரியா காலத்து வரிசை வீட்டில், மாடியறைக் கதவு அட்டைப்பெட்டி மூடி போல ஒரே தட்டையாக இருந்தது. ஓரத்தில் பிதுங்கியிருந்த ஹார்ட்போர்டை, அதாவது மரநாரை அழுத்திச் செய்த மெல்லிய பலகையை, உளியால் நெம்பினேன். (தச்சு வாத்தியார் உளியைப் பற்றிச் சொன்னது உனக்கு ஞாபகம் வந்திருக்கும். சிரிக்காதே.) பலகை விரலோடு சேர்ந்து வந்தது. உள்ளே என்ன தெரியுமா? நான்கு கட்டம் வைத்து இழைத்த, நூறு வயது தாண்டிய பைன் மரக் கதவு!

அடுத்த வீட்டுப் பெரியவர் ஓய்வுபெற்ற தச்சர். வந்து பார்த்தார். “பக்னெல்!” என்றார், ஏதோ வீட்டில் புகுந்த கள்ளனின் பெயரைச் சொல்வது போல.

அன்றிலிருந்து பாரி பக்னெல் பைத்தியம் பிடித்து அலைகிறேன். 1950களின் பிற்பகுதியில் பிபிசி தொலைக்காட்சியில் தோன்றி, உன் வீட்டை நீயே பழுதுபார் என்று பிரிட்டனுக்கே கற்றுக்கொடுத்த மனிதர். லண்டன்காரர். இந்த வேல்ஸ் பெரியவரின் கணக்கில் அதுவே முதல் குற்றம். 1962இல் லண்டனின் ஈலிங் பகுதியில் ஒரு பாழடைந்த வீட்டை பிபிசி 2,250 பவுண்டுக்கு வாங்கிக் கொடுக்க, 39 வாரம் அதைத் திருத்திக் காட்டினார். அந்தக் காலத்தில் நேரலை. பிசகினால் ஊரே பார்க்கும். அப்படியும் அசராமல் தொடர்வாராம். அதைப் பார்த்துத்தான் ஜனங்களுக்குத் துணிச்சலே வந்ததாம்.

துணிச்சல் வந்தவர்கள் என்ன செய்தார்கள்? கட்டம் வைத்த கதவுகளை ஹார்ட்போர்டால் மூடினார்கள். படிக்கட்டுக் கிராதிகளை அடைத்தார்கள். கணப்படுப்புகளைப் பெயர்த்து எறிந்தார்கள். பாட்டி காலத்து அலங்காரம் என்றாலே அப்போது தூசியும் அழுக்கும்தான். போர்க்கால நெருக்கடியில் சலித்தவர்களுக்கு வழவழப்பே புதுவாழ்வாகத் தெரிந்தது. முதல் வாரம் முழுக்க அந்த மனிதரை வைதுகொண்டே ஆணி பிடுங்கினேன்.

பிறகு கோபம் தளர்ந்துவிட்டது. பெயர்த்த கணப்படுப்பு போனது போனதுதான். ஆனால் மூடிய கதவு போகவில்லையே! அறுபது வருடப் பெயின்ட் எதுவும் அதன் மேல் ஏறவில்லை. இருக்கிற பழைய பூச்சிலும் ஈயம் இருக்கலாம் என்று பெரியவர் எச்சரித்ததால், பையன் அகிலனை அந்த அறைப் பக்கமே விடுவதில்லை. என் மனைவியின் புலம்பலைத் தனிக் கடிதமாக எழுதலாம்.

இன்னொன்று. மிரர் என்ற சிறு பாய்மரப் படகு, சிவப்புப் பாய் கட்டியது, இங்கே கடலோரத்தில் கண்ணில் படும். அதையும் படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டோடு சேர்ந்து வடிவமைத்தவர் இதே பக்னெல்தான்! ஒட்டுப்பலகைத் துண்டுகளைச் செம்புக் கம்பியால் சட்டை தைப்பது போலத் தைத்து, இணைப்புகளின் மேல் கண்ணாடி இழை நாடாவும் பிசினும் பூசிவிட்டால் படகு தயார். 1963இல் டெய்லி மிரர் பத்திரிகையின் ஆதரவோடு வந்தது, விலை 63 பவுண்டுச் சொச்சம். எழுபதாயிரத்துக்கு மேல் மிதந்திருக்கிறது. பணக்காரன் விளையாட்டைத் தொழிலாளியின் கொல்லைப்புறத்துக்குக் கொண்டுவந்தவரை எப்படி முழுக்கத் திட்டுவது, சொல்.

தாத்தா வீட்டுத் திண்ணைக்கு டைல்ஸ் ஒட்டப் போவதாக எழுதியிருந்தாய். உன் வீடு, உன் பணம், சரி. மேஸ்திரி வருவதற்கு முன் ஒரே ஒரு படம் எடுத்து அனுப்பு. அந்தத் திண்ணையில்தான் நாம் அப்பாவிடம் மாட்டிக்கொண்டோம்.

கதவு ஏறக்குறைய முடிந்துவிட்டது. இன்று அகிலனுக்குப் பெருமையாகக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, பழைய கதவே நன்றாக இருந்தது, ஸ்டிக்கர் ஒட்ட வசதி என்கிறான்.

உன்
ராகவன்