சேலம் அம்மாபேட்டைத் தறிக்கூடத்திலிருந்து ஒரு நன்றி மடல்

உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

மறுபடி தறியில் உட்கார்ந்துவிட்டேன். தோள் இறுகித் தூக்க முடியாமல் கிடந்த, நாடாக் கயிறு இழுக்கும் என் வலது கை இப்போது தலைக்கு மேலும் போகிறது. ஆளாளுக்கு நேரில் சொல்லியாயிற்று. இருந்தாலும் ஊரறியச் சொல்லாவிட்டால் மனசு ஆறாது.

முதல் நன்றி, வீடு தேடி வந்து மாத்திரை கொடுக்கும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவத்தில் வரும் தங்கச்சிக்கு. என் மனைவிக்குப் பிரஷர் மாத்திரை கொடுக்க வந்தவர், நான் சட்டைக்குள் கையை விடத் திணறுவதைப் பார்த்துவிட்டு, "அண்ணா, சர்க்கரை பார்த்தீங்களா?" என்றார். தோள் வலிக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று சிரித்தேன். சோதித்தால், வெறும் வயிற்றிலேயே 200ஐத் தாண்டியிருந்தது. சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். பெரும்பாலும் 40 வயதிலிருந்து 60க்குள் வரும்.

அடுத்து, மோகன் குமாரமங்கலம் அரசு ஆஸ்பத்திரி எலும்பு டாக்டருக்கு. அவ்வளவு கூட்டத்திலும் நிதானமாகப் பார்த்தார். முழங்கையை விலாவோடு ஒட்டச் சொல்லி, முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொன்னார். என்னாலும் முடியவில்லை, அவர் பிடித்துத் திருப்பினாலும் அசையவில்லை. "ஃப்ரோசன் ஷோல்டர். மூட்டைச் சுற்றி இருக்கிற உறை தடித்துச் சுருங்கிப் போச்சு" என்றார். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகத்தான் இருந்தது. இந்த நோயில் பெரும்பாலும் அப்படித்தானாம்.

எல்லாத் தோள் வலியும் இதுவல்ல என்றும் விளக்கினார். அடுத்தவர் தூக்கினால் கை மேலே போய், தானாகத் தூக்க வலுவில்லை என்றால் தசைநாண் கிழிந்திருக்கலாம். பக்கவாட்டில் தூக்கும்போது நடுவில் மட்டும் வலித்து, மேலே போனதும் குறைந்தால் தசைநாண் உரசலாக இருக்கலாம். வலி விரல் வரை இறங்கி மரத்துப் போனால் கழுத்தையும் பார்க்க வேண்டும். தோள் வலியோடு நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல் என்றால் தைலத்தைத் தேடாமல் 108ஐக் கூப்பிட வேண்டும்.

"நாலு நாளில் சரியாகும்" என்று அவர் ஆசை காட்டவில்லை. முதலில் வலி, பிறகு இறுக்கம், அப்புறம் மெல்லத் தளர்வு. ஒன்றிலிருந்து மூன்று வருடம்கூட ஆகலாம் என்றார். தோளில் ஸ்டீராய்டு ஊசி போடும்போதே, இதனால் சில நாள் சர்க்கரை ஏறும், பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் எச்சரித்தார்.

கையைப் பழக்கியது பிசியோதெரபி தம்பி. இடது கையை மேஜையில் ஊன்றிக் குனிந்து, வலது கையைச் சும்மா தொங்கவிட்டு உடம்பை ஆட்டச் சொன்னார். கையை நாம் ஆட்டக் கூடாது, உடம்பு ஆடுகிற வேகத்தில் அது தானாக ஆட வேண்டும். பிறகு சுவரில் விரல்களால் ஏறுவது. எட்டிய உயரத்தில் என் பேத்தி பென்சிலால் கோடு போடுவாள். கோடு ஏறாத வாரம் அவள் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருக்கும். குளித்ததும் முதுகுக்குப் பின்னால் துண்டைப் பிடித்து நல்ல கையால் மேலே இழுப்பேன். இழுப்பது தெரியலாம், வலி உயிர் போகக் கூடாது என்பது தம்பி போட்ட கணக்கு.

என் மனைவிக்குத் தனியாக ஒரு பத்தி வேண்டும். சட்டை போடும்போது நோகிற கையை முதலில் விட வேண்டும், கழற்றும்போது கடைசியில் எடுக்க வேண்டும் என்று கண்டுபிடித்தவள் அவள்தான். இரவில் கைக்கடியில் தலையணை வைத்ததும் அவளே. கையைப் பிடித்து வெடுக்கென்று ஒரே இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும் என்று கிளம்பி வந்த மாமாவை, திண்ணையிலேயே காபி கொடுத்து உட்கார வைத்து அனுப்பியதற்கு இரட்டை நன்றி.

தறியில் பாதியில் நின்ற வெண்பட்டு வேட்டிப் பாவு நூலை, தன் தறி வேலை முடிந்த பிறகு வந்து நெய்து கொடுத்த பக்கத்து வீட்டு அண்ணன், கூலியில் ஒரு ரூபாய்கூடத் தொடவில்லை. முன்பணத்தைக் கேட்டு நெருக்காத முதலாளிக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

தறியில் கழித்துப் போட்ட உருளையைக் கதவு நிலைக்கு மேல் மாட்டி, கயிறு கோத்து, நல்ல கையால் இழுத்து நோகிற கையைத் தூக்கிப் பழகினேன். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. டாக்டரிடம் காட்டிவிட்டு, அவர் பழகச் சொன்னால், யாருக்கு வேண்டுமோ சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வாருங்கள்; தறி நின்றிருக்கும்.