பேச்சிலும் மொழியிலும் இடர்ப்படும் குழந்தைகளின் குடும்பங்களுக்குத் துணைநிற்க வேண்டுகிறோம்

அன்புடையீர், வணக்கம்.

பேச்சுக் குறைபாடும் மொழிக் குறைபாடும் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்குப் பயிற்சி வகுப்புகள் நடத்தவும், வீட்டில் பயன்படுத்துவதற்கான பயிற்சிப் பொருள்களை இரவலாக வழங்கவும் எங்கள் குழு முடிவு செய்துள்ளது. பெற்றோர், ஆசிரியர்கள், பேச்சுப் பயிற்சியாளர்கள் ஆகியோர் இணைந்து நடத்தவிருக்கும் இப்பணிக்குத் தங்கள் பொருளுதவியை நாடுகிறோம்.

வெளிப்படையான காரணம் ஏதுமின்றியே மொழியைப் புரிந்துகொள்வதிலும் பயன்படுத்துவதிலும் நீடித்த சிரமம் உள்ள குழந்தைகள், பள்ளியில் சேரும் வயதினரில் ஏறத்தாழ 7 விழுக்காட்டினர் என ஆய்வுகள் காட்டுகின்றன. 30 பேர் அமரும் வகுப்பில் இருவர் என்று கொள்ளலாம். செவித்திறன் குறைவு, மதியிறுக்கம் (ஆட்டிசம்), அண்ணப்பிளவு (வாயின் மேற்பகுதியில் பிறவியிலேயே உள்ள பிளவு) ஆகியவற்றால் பேச்சு பாதிக்கப்பட்டவர்களும், திக்கிப் பேசுபவர்களும் இக்கணக்கில் சேரமாட்டார்கள். இத்தனை பேர் இருந்தும் இது வெளியே தெரிவதில்லை. கேள்விக்குப் பதில் சொல்லாத குழந்தையைக் கூச்ச சுபாவம் என்றோ கவனக்குறைவு என்றோ சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

வீட்டில் நிலைமை வேறு. தாய் சரியாகப் பேசிப் பழக்கவில்லை, வீட்டில் இரண்டு மொழி பேசியதால் பிள்ளை குழம்பிவிட்டது என்ற பழிச்சொற்களைப் பெற்றோர் நாள்தோறும் கேட்கிறார்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் மொழிக் குறைபாடு வருவதில்லை என்று அவர்களிடம் அழுத்தமாகச் சொல்ல ஆளில்லை. "இவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினான், தானாகச் சரியாகிவிடும்" என்ற ஆறுதலோ, அன்பால் சொல்லப்பட்டாலும், பரிசோதனையைத் தள்ளிப்போட வைக்கிறது. இரண்டு வயது நிறைந்தும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தைக்கு முதலில் செவித்திறன் பரிசோதனை செய்ய வேண்டும் என்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாது.

வாரத்தில் ஒரு மணி நேரம் பயிற்சியாளரிடம் இருக்கும் குழந்தை, விழித்திருக்கும் மற்ற நேரமெல்லாம் குடும்பத்தோடுதான் இருக்கிறது. எனவே பெற்றோரைப் பயிற்றுவிப்பதே எங்கள் திட்டத்தின் மையம். பந்தை உருட்டி விளையாடும்போது "இது என்ன? என்ன நிறம்? சொல்லு!" என்று அடுக்கடுக்காகக் கேட்பது பெரும்பாலோரின் இயல்பு, பேச வைக்க வேண்டும் என்ற தவிப்பே அதற்குக் காரணம். அதை விடுத்து, பந்தைக் கையில் பிடித்தபடி குழந்தையின் முகத்தைப் பார்த்து, எதுவும் பேசாமல் சில நொடிகள் காத்திருக்க வகுப்பில் கற்றுத்தரப்படும். அந்த இடைவெளியில் ஒரு பார்வையோ, கைநீட்டலோ, "ப" என்ற ஒலியோ வரக்கூடும். அதை விடையாக ஏற்று "பந்து வேணுமா, இந்தா பந்து" என்று சொல்லிக் கொடுப்பதும், குழந்தை "பந்து" என்றால் "பெரிய பந்து" என ஒரு சொல் கூட்டித் திருப்பிச் சொல்வதும் பயிற்சியின் அடுத்த படிகள். கேட்க எளிதாயினும், பழக்கமாக்கிக்கொள்ள வழிகாட்டுபவர் அருகில் இருந்து திருத்த வேண்டும். தம்மைப் போன்ற வேறு பெற்றோரோடு அமர்ந்து கற்கும்போது மனச்சுமையும் குறைகிறது.

இன்னும் பேச்சு வராத குழந்தைகளுக்குப் படப்பலகைகள் வழங்கவுள்ளோம். வலி, போதும், இன்னும், அம்மா எனச் சில படங்கள் கொண்ட ஓர் அட்டை, தன் தேவையைச் சொல்ல முடியாமல் அழுது புரளும் குழந்தைக்கு ஒரு வழியைத் திறந்துவிடுகிறது. படம் காட்டிப் பழகினால் பேச்சு வராமலே போய்விடும் என்று அஞ்ச வேண்டியதில்லை; ஆய்வுகள் அந்த அச்சத்தை உறுதிப்படுத்தவில்லை, பல குழந்தைகளிடம் பேச்சு கூடியே இருக்கிறது.

தாங்கள் தரும் தொகை பயிற்சியாளர்களின் ஊதியத்துக்கும், படப்பலகைகள், விளையாட்டுப் பொருள்கள் ஆகியவற்றுக்கும், வகுப்புக்கு வருவதற்காக ஒரு நாள் கூலியை இழக்கும் பெற்றோரின் பயணச் செலவுக்கும் பயன்படும். இந்தக் கடைசிச் செலவைச் சிறியதென்று கருத வேண்டாம். பயிற்சியைப் பாதியில் விடும் குடும்பங்கள் பலவும் அக்கறையின்மையால் விடுவதில்லை. எந்தக் குடும்பத்திடமும் கட்டணம் பெறமாட்டோம். குழந்தைகளின் பெயரையோ படத்தையோ நிதி திரட்டப் பயன்படுத்தவும் மாட்டோம்.

ஒருமுறை வழங்கும் பெருந்தொகையைப் போலவே மாதந்தோறும் வழங்கும் சிறுதொகையும் எங்களுக்கு முக்கியமானது. வகுப்புகள் இடையில் நிற்காமல் நடக்க அதுவே உதவும். ஒவ்வொரு நன்கொடைக்கும் ரசீது தரப்படும். தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கு ஆண்டுதோறும் நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்பப்படும். நன்கொடை அளிக்க விரும்புவோர் குழுவின் பொருளாளரிடம் தெரிவிக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
குழு உறுப்பினர்கள்