பின் இருக்கையில் இருக்கும் நாயையும் கணக்கில் எடுங்கள்: கார் வடிவமைக்கும் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கார்களை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் வீட்டு நாயின் பெயர் மணி. வயது ஐந்து, எடை 24 கிலோ. கார் சாவியின் சத்தம் கேட்டாலே கதவருகே போய் நின்றுகொள்வாள். மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னெஸ் போட்டு, அதிலிருந்து ஒரு குட்டை வாரை சீட் பெல்ட் பக்கிளில் செருகித்தான் அவளைக் கூட்டிப்போவோம். கழுத்துப்பட்டையில் கட்டினால் பிரேக் அடிக்கும்போது மொத்த இழுப்பும் கழுத்தில் விழும் என்பதால் இந்த ஏற்பாடு. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்றுதான் நினைத்திருந்தோம்.

ஒரு நாள் ஓட்டிக்கொண்டிருக்கும்போது பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம். என்னவென்று யோசிப்பதற்குள் முன்னால் போன வண்டி நின்றுவிட்டது. நானும் பிரேக்கை அழுத்தி மிதித்தேன். மணி இருக்கையிலிருந்து வழுக்கி, முன் இருக்கையின் முதுகில் மோதி, கால் வைக்கும் பள்ளத்தில் விழுந்தாள். ஓரம்கட்டிப் பார்த்தால் வாரின் நாக்கு பக்கிளுக்கு வெளியே கிடக்கிறது. அவள் புரண்டு படுத்தபோது பின்னங்கால் அந்தச் சிவப்புப் பட்டனில் ஏறியிருக்கிறது. நல்லவேளையாக எலும்பு முறிவு இல்லை. இரண்டு நாள் நொண்டினாள், அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு நடந்தது வெறும் பிரேக். மோதலாக இருந்திருந்தால்?

கணக்கு உங்களுக்கே தெரியும். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் கார் மோதி, நொடியில் பத்தில் ஒரு பங்கில் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 கிலோ நாயைப் பிடித்து நிறுத்த சுமார் 340 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். மடியில் வைத்திருப்பவரின் கை அதைத் தாங்காது. கட்டாமல் விட்ட நாய் முன்னால் இருப்பவரின் முதுகில் அந்த வேகத்தில் வந்து மோதும். முன் இருக்கையில் உட்கார வைத்தாலோ, விரியும் ஏர்பேக்கே அதற்கு ஆபத்து. அப்புறம், மோதலில் பிழைத்த நாய் மிரண்டு போய் உடைந்த ஜன்னல் வழியே சாலையில் பாய்வதும் உண்டு.

இதற்கெல்லாம் ஹார்னெஸ் செய்பவர்கள்தானே பொறுப்பு என்று நீங்கள் சொல்லலாம். பாதிப் பொறுப்பு அவர்களுடையது, ஒத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் 'சென்டர் ஃபார் பெட் சேஃப்டி' என்ற அமைப்பு 2013இல் சுபாரு நிறுவனத்தின் துணையோடு, நாய் பொம்மைகளை வைத்து ஹார்னெஸ்களுக்கு மோதல் சோதனை நடத்தியது. சோதித்தவற்றில் பெரும்பாலானவை தேறவில்லை. ஆனால் எவ்வளவு நல்ல ஹார்னெஸ் வாங்கினாலும் அதன் மறுமுனையை எங்கே மாட்டுவது? அந்த இடம் காரில் இருக்கிறது, உங்கள் கையில் இருக்கிறது.

குழந்தை இருக்கைக்காக காரின் உடற்கூட்டோடு சேர்த்து ஐசோஃபிக்ஸ் கொக்கிக் கம்பிகளை வைத்திருக்கிறீர்கள். இப்போது மணியின் வாரை நான் அதில்தான் மாட்டுகிறேன். இருக்கையும் முதுகுச் சாய்வும் சேரும் இடுக்கில் விரலை விட்டுத் துழாவி, கம்பி தட்டுப்பட்டதும் கொக்கியைப் போடுகிறேன். அவள் கால் எங்கே பட்டாலும் அது கழன்றுகொள்ளாது. சரி, இது சரியான இடம்தானா? ஒற்றைக் கம்பியில் வரும் பக்கவாட்டு இழுப்பை அது தாங்குமா? என் காரின் கையேட்டில் குழந்தை இருக்கை பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது. நாய் பற்றி ஒரு வரிகூட இல்லை.

டிக்கியும் இப்படித்தான். பெரிய நாயைப் பலரும் அங்கேதான் ஏற்றுகிறார்கள். பின்னாலிருந்து மோதினால் நசுங்கி அடியை வாங்கிக்கொள்வதற்காகவே நீங்கள் அமைத்த பகுதி அதை ஒட்டித்தான் இருக்கிறது. கூண்டை எவ்வளவு உள்ளே தள்ளி வைக்க வேண்டும், எந்த வளையத்தில் கட்ட வேண்டும் என்று சொல்லக்கூடியவர்கள் நீங்கள் மட்டும்தான்.

நீங்கள் மனம் வைத்தால் நடக்கும் என்பதற்கு உங்கள் துறையே சாட்சி. வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் சுமார் 22 டிகிரி ஏறுகிறது, அதிலும் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிடுகிறது, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிய மாற்றமில்லை என்று 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. மூச்சிரைத்தே உடம்பைக் குளிர்விக்கும் நாய்க்கு அது உயிர்போகும் சூடு. 2019இல் டெஸ்லா, உள்ளே இருக்கும் நாய்க்காக ஏசி ஓடிக்கொண்டே இருக்கும்படி ஒரு வசதியைக் கொண்டுவந்தது. 1959இல் மூன்று முனை சீட் பெல்ட்டைக் கொண்டுவந்த வோல்வோ, அந்தக் காப்புரிமையை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தத் திறந்துவிட்டது. இப்படியெல்லாம் செய்த துறையிடம்தான் கேட்கிறேன்.

பெரிதாக எதுவும் வேண்டாம். பின் இருக்கையில், நாயின் கால் பட்டுக் கழன்றுகொள்ளாத ஒரு கொக்கி. அது எத்தனை கிலோ நாய்வரை தாங்கும் என்று சோதித்து, கையேட்டில் ஒரு பக்கம். புதிய கொக்கி வரும்வரை, இப்போது இருக்கும் கம்பியைப் பயன்படுத்தலாமா கூடாதா என்று ஒரு வரி.

மணியின் மார்புச் சுற்றளவு 68 செ.மீ. உட்கார்ந்தால் தலை உச்சிவரை 62 செ.மீ. சோதனைப் பொம்மை செய்ய இந்த அளவுகள் உதவும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். வேறு எதை அளக்க வேண்டும் என்று சொன்னாலும் அளந்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
மணியோடு பயணம் செய்யும் ஒருவர்