செக் எஞ்சின் விளக்கும் 28,000 ரூபாயும்

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் பெரம்பூரில் வாடகைக் கார் ஓட்டுபவன். போன மாதம் கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போது செக் எஞ்சின் விளக்கு எரிந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் மாட்டி, "பி0011, கேம்ஷாஃப்ட் டைமிங் கோளாறு, செயின் செட்டையே மாற்றணும், 28,000 ரூபாய்" என்றார்கள். மனசு கேட்கவில்லை. கேம்ஷாஃப்ட் என்பது எஞ்சின் வால்வுகளைத் திறக்கும் தண்டு; அதைச் சுழற்றுவதுதான் அந்த செயின். பி0011 என்ற கோளாறு எண், கேம்ஷாஃப்ட் இருக்க வேண்டிய கோணத்தைவிட முந்தி நிற்கிறது என்று மட்டுமே சொல்கிறது. எந்தப் பாகம் கெட்டது என்று சொல்வதில்லை.

தெரிந்த மெக்கானிக் அண்ணன் முதலில் ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவினார். ஆயில் தார் மாதிரி கறுத்து, அளவும் குறைந்திருந்தது. என் காரில் அந்த டைமிங்கை நகர்த்துவதே ஆயில் அழுத்தம்தான். ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, அந்த ஆயில் போக்கைக் கட்டுப்படுத்தும், கசடு அடைத்த கன்ட்ரோல் வால்வைக் கழுவினார். 3,200 ரூபாய். விளக்கு திரும்ப எரியவில்லை.

செயின் நிஜமாகவே நீண்டிருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் சோதித்துப் பார்த்ததை பில்லில் எழுதிக் கொடுங்கள் என்று ஒர்க்‌ஷாப்காரர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

– வாசகர், பெரம்பூர், சென்னை