எங்கே வெளிவந்தது என்று கேட்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் வாசகர் பக்கத்தில் ஓர் அம்மாவின் கடிதம் வந்திருந்தது. மகள் வேலைக்குப் போய்வந்து ராத்திரி பதினொரு மணிவரை கதை எழுதிக்கொண்டிருக்கிறாள், மூன்று வருடமாக ஒன்றுகூட எதிலும் வெளிவரவில்லை, இதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்டிருந்தார். தொடர்ந்து பத்திரிகைகளுக்கு அனுப்பச் சொல்லுங்கள், ஒருநாள் நிச்சயம் வரும் என்று நீங்கள் பதில் எழுதியிருந்தீர்கள். நல்ல மனதோடு சொன்ன பதில்தான். ஆனால் அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அச்சில் வந்தால்தான் எழுதியதற்குப் பலன் என்று நீங்களும் ஒப்புக்கொண்டது போல ஆகிவிட்டதே. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் மின்வாரியத்தில் கணக்கீட்டாளர். வயது 51. கதை எழுத ஆரம்பித்தபோது வயது 44. இதுவரை 23 கதைகள் எழுதியிருக்கிறேன். எல்லாம் கோடு போட்ட 192 பக்க நோட்டுகளில் இருக்கின்றன. ஒன்றும் அச்சில் வந்ததில்லை. முதல் இரண்டு வருடம் அனுப்பிக்கொண்டிருந்தேன், அப்புறம் நிறுத்திவிட்டேன். மனம் ஒடிந்துபோய் நிறுத்தவில்லை. அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த நாட்களில் அடுத்த கதை எழுத ஓடவில்லை. அது எனக்குப் பெரிய நஷ்டமாகத் தெரிந்தது.

எங்கள் வேலையில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போக வேண்டும். ஒரு நாளைக்கு நூறு வீட்டுக்குக் குறையாது. உள்ளே நுழைந்து, மீட்டரைப் பார்த்து, வெள்ளை அட்டையில் எழுதிவிட்டு வந்தால் ஒரு வீட்டுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. இருபது வருடம் அப்படித்தான் போய்வந்தேன். மனிதர்கள் கண்ணில் பட்டார்கள், மனதில் பதிந்தது எண்கள்தான்.

ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவர் தனியாக இருந்தார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் கதையிலும் எழுதினேன், இங்கேயும் எழுதுகிறேன்.) இரண்டு மாதத்துக்கு அவர் வீட்டு ரீடிங் நாலு யூனிட், ஐந்து யூனிட்தான் ஏறியிருக்கும். பூட்டிக்கிடக்கும் வீட்டில்கூட சில சமயம் அதைவிடக் கூடுதலாக இருக்கும். அவரைப் பற்றி ஒரு கதை எழுத உட்கார்ந்தேன். பிள்ளைகள் கைவிட்ட ஏழைத் தாய், காசுக்குப் பயந்து விளக்குப் போடாமல் இருட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்று மூன்று பக்கம் எழுதினேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

நாலாவது பக்கத்தில் நின்றுவிட்டது. ஏன் என்றால், 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். வருஷக்கணக்காக அந்த வீட்டு அட்டையில் பூஜ்யம் என்று எழுதியது என் கைதான். அவர் விளக்கைப் போட்டாலும் போடாவிட்டாலும் ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. அப்படியானால் அந்த அம்மா எதற்காக இருட்டில் இருக்கிறார்?

பதினோரு நாள் இந்த ஒரு கேள்வியோடு சுற்றினேன். சைக்கிளில் போகும்போது, கம்பத்தடியில் நின்று தண்ணீர் குடிக்கும்போது, சாப்பிடும்போதெல்லாம் இதே நினைப்பு. கண் தெரியாதவராக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை. கஞ்சத்தனம் என்று வைத்தேன், அதுவும் பொய்யாக இருந்தது. பன்னிரண்டாம் நாள் ராத்திரி அவரே வாயைத் திறந்தது போல ஒரு வரி வந்தது. கதையில் கணக்கு எடுக்க வந்தவனிடம் சொல்கிறார்: "லைட்டைப் போட்டா நாலு நாற்காலியும் தெரியுது தம்பி."

அந்த வரியை எழுதிவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அது வரும் என்று எனக்கு முன்னால் தெரியாது. மூன்று பக்கம் நான் பட்ட பரிதாபம் முழுக்கத் தப்பு என்று ஒரே வரியில் தெரிந்துபோயிற்று. அவர் ஏழையும் இல்லை, என் இரக்கம் அவருக்குத் தேவையும் இல்லை. மூன்று பக்கத்தையும் அடித்துவிட்டு முதலிலிருந்து எழுதினேன்.

உண்மையில் அந்த அம்மா இருட்டில் இருந்ததற்கு வேறு காரணம் இருக்கலாம். நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். ஆனால் அடுத்த முறை கணக்கு எடுக்கப் போனபோது வழக்கம்போல அட்டையை எழுதிவிட்டுத் திரும்பாமல், ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத் திண்ணையில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். அதுவரை அப்படி எந்த வீட்டிலும் உட்கார்ந்ததில்லை. ஆசிரியர் அவர்களே, என்ன பிரயோஜனம் என்று சென்ற இதழில் கடிதம் எழுதிய அம்மா கேட்டாரே, எனக்குக் கிடைத்த பிரயோஜனம் இது.

வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர்கள் நம் மொழியில் குறைவா? லா.ச.ராமாமிர்தம் முப்பது வருடம் வங்கியில் இருந்தார். கி.ராஜநாராயணன் இடைசெவலில் விவசாயம் பார்த்தவர், முப்பது வயது தாண்டித்தான் எழுத வந்தார். ஆ.மாதவன் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருந்தார். அவருக்கு சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது 2015இல், 81 வயதில். அவ்வளவு காலமும் விருதை நினைத்தா எழுதியிருப்பார்? இவர்களோடு என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்கள் பெரியவர்கள். ஆனால் வேலை முடிந்து வந்து முதல் கதையை எழுத உட்கார்ந்த ராத்திரியில் அவர்களுக்கும் வாசகர் என்று யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

முன்பு நம் ஊர்களில் கையெழுத்துப் பத்திரிகை என்று ஒன்று இருந்தது. இன்றைய பிள்ளைகளுக்கு அது தெரியாது. என் பெரியப்பா 1960களில் நண்பர்களோடு சேர்ந்து ஒன்று நடத்தினார். மாதம் ஒரே ஒரு பிரதி. கையெழுத்து அழகாக உள்ள ஒருவர் எல்லாக் கதையையும் எழுதுவார், இன்னொருவர் படம் போடுவார். அது வீடு வீடாகப் போய், கடைசியில் விட்டிருக்கும் வெற்றுப் பக்கங்களில் படித்தவர்களின் அபிப்பிராயத்தோடு திரும்பி வரும். அப்படி ஓர் இதழை நான் பார்த்திருக்கிறேன். ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. கடைசிப் பக்கத்தில் யாரோ பென்சிலால் "தங்கச்சி கோபித்துக்கொண்டு போன இடம் மிகவும் நன்று" என்று எழுதியிருந்தார்கள். இருபது பேர் படித்திருப்பார்கள். பெரியப்பா கடைசிவரை அந்த இதழ்களை டிரங்குப் பெட்டியில், வீட்டுப் பத்திரத்தோடு வைத்திருந்தார்.

இப்போது கதை எழுதுகிறேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி "எதில் வந்தது?" என்பதுதான். மொட்டைமாடியில் நாலு தொட்டி வைத்துத் தக்காளி போடுகிறவரிடம் எந்த மார்க்கெட்டுக்கு அனுப்புகிறீர்கள் என்று யாராவது கேட்கிறோமா? காய்த்ததா என்றுதான் கேட்கிறோம்.

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் பலர் கையிலுள்ள காசை இழக்கிறார்கள். என்னிடமும் ஒரு பதிப்பாளர், 30,000 ரூபாய் கொடுத்தால் கதைகளைப் புத்தகமாகப் போட்டுத் தருகிறேன், 200 பிரதியை நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். மகள் கல்லூரியில் சேர்ந்த வருஷம் அது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வசதி உள்ளவர்கள் போட்டுக்கொள்ளட்டும், தப்பில்லை. ஆனால் புத்தகம் கையில் இருந்தால்தான் மதிப்பு என்ற நினைப்பில் கடன் வாங்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். கிளை நூலகங்களில் வாசகர் வட்டம் இருக்கிறது. அவற்றில் மாதம் ஒரு மாலை, உறுப்பினர்கள் தாங்கள் எழுதிய கதையைத் தாங்களே படிக்க ஒதுக்கலாம் என்று உங்கள் பத்திரிகை எடுத்துச் சொன்னால் நன்றாக இருக்கும். பரிசு வேண்டாம், சிறப்பு விருந்தினர் வேண்டாம். பத்து நாற்காலி போதும். எங்கள் ஊரில் நாங்கள் நாலு பேர் நூலகத்து வேப்பமரத்தடியில் இப்படிப் படித்துக்கொள்கிறோம். தையல்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர், பாலிடெக்னிக் மாணவர் ஒருவர், நான்.

அந்த அம்மாவுக்கும் ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். அம்மா, உங்கள் மகள் அவளாக நோட்டை நீட்டும்வரை எடுத்துப் பார்க்காதீர்கள். நீட்டினால் எங்கே அனுப்பப் போகிறாய் என்று கேட்காமல் படியுங்கள். என் மனைவி பத்தாம் வகுப்புவரை படித்தவள், கதை படிக்கிற பழக்கம் கிடையாது. நாற்காலிக் கதையை அவளிடம்தான் முதலில் கொடுத்தேன். அடுப்பைத் தணித்துவிட்டு, நின்றபடியே கடைசிவரை படித்தாள். நன்றாயிருக்கிறது, இல்லை என்று எதுவும் சொல்லவில்லை.

"அந்த நாலுல அவங்க எதுல உட்காருவாங்க?" என்று கேட்டாள்.

நான் அதை யோசிக்கவே இல்லை. அன்று ராத்திரி நோட்டை மறுபடியும் திறந்தேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
மன்னார்குடி.