அந்தக் கண்ணீர் அந்தப் பாட்டுக்காக வந்ததல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரியாலிட்டி நிகழ்ச்சிகள் முன்கூட்டியே எழுதிவைத்து நடத்தப்படுகின்றனவா என்பது பற்றித் தங்கள் இதழில் வாசகர்கள் எழுதிவரும் கடிதங்களைத் தொடர்ந்து படித்துவருகிறேன். 'எல்லாமே நாடகம்தான், தெரிந்துதானே பார்க்கிறோம்' என்று பலரும் பேச்சை முடித்துவிடுகிறார்கள். நான் 32 ஆண்டுகள் பள்ளியில் இசை கற்பித்து ஓய்வுபெற்றவள். என் மாணவி ஒருத்தி தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியொன்றில் சில சுற்றுகள் வரை முன்னேறியபோது, அவளுக்குத் துணையாகப் படப்பிடிப்புக்குச் சென்றுவந்தேன். அங்கே கண்டதை வைத்துச் சொல்கிறேன்: நாடகம் என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடும் விஷயம் அல்ல இது.

தேர்வானதும் அவளை அறிமுகப்படுத்தும் காட்சிகளை எடுக்க ஒரு குழு ஊருக்கு வந்தது. அவளுடைய அப்பா தையல்காரர். ஓட்டு வீடுதான் என்றாலும் தரைக்கு டைல்ஸ் பதித்து, தவணையில் ஒரு ஃப்ரிட்ஜும் வாங்கி வைத்திருந்தார்கள். வந்தவர்கள் மரியாதையாகவே பேசினார்கள். ஆனால் ஃப்ரிட்ஜ் கேமராவில் விழக்கூடாது என்று அதன்மேல் ஒரு சேலையைப் போட்டு மூடச் சொன்னார்கள். சமையலறையில் கேஸ் அடுப்பு இருக்க, பக்கத்து வீட்டுக் கொல்லையில் வெந்நீர் வைக்கிற விறகடுப்பின் முன்னால் அந்த அம்மாவை உட்காரவைத்து ஊதச் சொன்னார்கள். 'கஷ்டத்தைச் சொல்லுங்கம்மா' என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கணவர் நள்ளிரவு வரை மெஷின் மிதித்து மகளைப் படிக்கவைப்பதை அவர் பெருமையோடு சொன்னார்; ஒளிபரப்பில் அதே சொற்கள் சோகமான வயலின் இசையோடு வந்தன. அவர் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட யாரும் மாற்றவில்லை. ஆனாலும் திரையில் நாங்கள் பார்த்த அந்த வீடு எங்கள் தெருவில் எங்கும் இல்லை.

படப்பிடிப்பு அரங்கில் நடந்தது இன்னொன்று. போட்டியாளர் எவரும் மேடையேறுவதற்கு முன்பே பார்வையாளர்களாகிய எங்களிடம் கைதட்டச் சொல்லி, எழுந்து நின்று தட்டச் சொல்லி, வியந்து பார்க்கச் சொல்லி, எல்லாவற்றையும் தனித்தனியே படம்பிடித்துக்கொண்டார்கள். மேடையில் விட்ட செயற்கைப் புகை முன்வரிசை வரை பரவி என் கண்ணில் எரிச்சல் எடுத்தது; முந்தானையால் இரண்டு மூன்று முறை துடைத்துக்கொண்டேன். சில வாரங்கள் கழித்து நிகழ்ச்சி ஒளிபரப்பானபோது, தாயை இழந்த ஒரு சிறுவன் பாடிக்கொண்டிருக்க, இடையே நான் கண்ணைத் துடைக்கும் காட்சி வந்தது. அந்தச் சிறுவன் பாடிய நேரத்தில் நான் அரங்கிலேயே இல்லை, வெளியே தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு, 'டீச்சர், உங்களைப் பார்த்து நானும் அழுதுவிட்டேன்' என்று தொலைபேசியில் அழைத்துச் சொன்னவர்கள் பலர். அவர்களுடைய அழுகை உண்மையானது என்பதுதான் இன்றுவரை எனக்கு உறுத்தலாக இருக்கிறது. சேனலுக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை.

ஆகவே, வசனம் எழுதிக் கொடுக்கிறார்களா என்று கேட்பதைவிட, எடுத்த காட்சிகளை எப்படிக் கோக்கிறார்கள் என்று கேட்பதே பொருத்தமாக இருக்கும். 1999இல் நெதர்லாந்தில் 'பிக் பிரதர்' என்று தொடங்கி, 2017 ஜூன் மாதம் 'பிக் பாஸ்' என்ற பெயரில் விஜய் தொலைக்காட்சி வழியாகத் தமிழ் வீடுகளுக்கும் வந்துசேர்ந்த நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் இருப்பவர்களை இருபத்து நான்கு மணி நேரமும் கேமராக்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றன. நமக்கு இரவில் கிடைப்பது ஏறத்தாழ ஒரு மணி நேரம். மீதி நேரத்தில் ஒருவர் பாத்திரம் கழுவியிருக்கலாம், சண்டை போட்டவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம், வெறுமனே தூங்கியும் இருக்கலாம். அவற்றை வெட்டிவிட்டு, அவர் முகம் சுளித்த நான்கு நொடியை மட்டும் வைத்தால், பொய்யே கலக்காமல் ஒரு வில்லன் தயாராகிவிடுகிறார்.

இதை அந்த நிகழ்ச்சியே ஒருவகையில் ஒப்புக்கொண்டிருக்கிறது என்றே நினைக்கிறேன். முதல் பருவத்தில் கமல்ஹாசன் வார இறுதியில் 'குறும்படம்' போட்டுக் காட்டியது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒரு போட்டியாளர் நடந்ததாகச் சொன்னதற்கும் உண்மையில் நடந்ததற்கும் உள்ள வேறுபாட்டை, பதிவான காட்சியைக் கொண்டே அம்பலப்படுத்தினார். மக்கள் அதைக் கொண்டாடினார்கள், அன்றாடப் பேச்சிலும் அந்தச் சொல் இடம்பிடித்துவிட்டது. வீட்டுக்குள் இருப்பவர் பொய் சொன்னால் குறும்படம் உண்டு. படத்தொகுப்பு அறையில் முன்னும் பின்னுமாக ஒட்டப்பட்டதற்குக் குறும்படம் போடுவது யார்? 2022இலிருந்து அந்த வீட்டை இணையத்தில் நாள் முழுவதும் பார்க்கும் வசதி வந்தபோது, பொறுமையுள்ள பார்வையாளர்கள் அந்த வேலையைத் தாங்களே எடுத்துக்கொண்டு, பகலில் தாங்கள் கண்டதையும் இரவில் ஒளிபரப்பானதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டத் தொடங்கினார்கள்.

நம் மக்களுக்கு நாடகத்தின்மேல் வெறுப்பு கிடையாது. விடிய விடியத் தெருக்கூத்து பார்த்த ஊர்கள் இவை. துரியோதனன் வேடம் கட்டியவர் காலையில் முகச்சாயத்தைக் கழுவிவிட்டுத் தேநீர்க்கடையில் வந்து உட்கார்ந்தால், யாரும் அவரிடம் சூதாட்டத்துக்குக் கணக்குக் கேட்பதில்லை. நெடுந்தொடரில் மருமகளைக் கொடுமைப்படுத்தும் மாமியாரையும் அப்படியே பார்க்கிறோம். ரியாலிட்டி நிகழ்ச்சியில் வில்லனாக்கப்பட்டவருக்குக் கழுவிக்கொள்ள அந்தச் சாயம் இல்லை. அவர் தம் சொந்தப் பெயரோடும் சொந்த முகத்தோடும் வெளியே வருகிறார். அவரையும், சில வேளைகளில் அவர் குடும்பத்தாரையும், சமூக ஊடகங்களில் வாய்க்கு வந்தபடி ஏசுகிறோம். ஏசியதற்கு நாமே பொறுப்பு என்பதை மறுக்கவில்லை. ஆனால் எதை நம்பி ஏசினோமோ அது பாதிதான் என்று பின்னர் தெரியவரும்போது ஏற்படும் கசப்பே, ரியாலிட்டி நிகழ்ச்சிகளின்மேல் பலருக்கு உள்ள வெறுப்புக்கு முதல் காரணம் என்று கருதுகிறேன்.

அடுத்த காரணம் பார்வையாளர்களின் வாக்கு. 2016இல் 'சூப்பர் சிங்கர்' ஐந்தாம் பருவத்தில் வென்றவர் ஏற்கெனவே திரைப்படத்தில் பாடியவர் என்ற செய்தி பரவியபோது எழுந்த கோபத்தை நினைத்துப் பாருங்கள். அவர் நன்றாகப் பாடினார். விதி மீறப்பட்டது என்றும் நான் சொல்லவில்லை. புதிய குரலுக்கு வாக்களிக்கிறோம் என்று நம்பி வாக்களித்தவர்களுக்கு அந்தத் தகவல் முன்பே தெளிவாகச் சொல்லப்படவில்லை என்பதுதான் அவர்களுடைய குறை.

இத்தகைய குறைகளை மற்ற நாடுகள் பொழுதுபோக்குதானே என்று தள்ளிவிடவில்லை. அமெரிக்காவில் 'ட்வென்டி ஒன்' என்ற வினாடி வினாவில் தமக்கு விடைகள் முன்கூட்டியே தரப்பட்டதாகப் போட்டியாளர் சார்லஸ் வான் டோரன் 1959இல் நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். அறிவையும் திறமையையும் சோதிக்கும் ஒளிபரப்புப் போட்டிகளில் மோசடி செய்வது மறு ஆண்டே சட்டப்படி குற்றமாக்கப்பட்டது. பிரிட்டனில், கட்டணம் செலுத்தித் தொலைபேசியில் பங்கேற்ற பார்வையாளர்களை ஏமாற்றியதற்காக ஐடிவி தொலைக்காட்சி நிறுவனத்துக்கு 2008இல் 56.75 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது அந்நாட்டின் ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம். நம் நாட்டிலும் 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் உள்ள நிகழ்ச்சி நெறிமுறை, அரை உண்மைகளை ஒளிபரப்பக் கூடாது என்கிறது. ஃப்ரிட்ஜின்மேல் போட்ட சேலைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை.

நான் கேட்பது தடை அல்ல. இந்த மேடைகள் இல்லையென்றால் என் மாணவியின் குரலை எங்கள் தெருவுக்கு அப்பால் எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதற்கு நான் நன்றியுள்ளவள். படத்தில் ஒருவர் சிகரெட்டைப் பற்றவைத்தால் திரையின் ஓரத்தில் எச்சரிக்கை வருகிறது. மாடு, குதிரை நடித்தால் அவை துன்புறுத்தப்படவில்லை என்ற அறிவிப்பு வருகிறது. அதுபோல, காட்சிகள் நடந்த வரிசையில் இல்லை, பார்வையாளர்களின் முகபாவங்கள் வேறு நேரத்தில் எடுக்கப்பட்டவை, வீட்டுக் காட்சிகள் தயாரிப்புக் குழுவால் அமைக்கப்பட்டவை என்பதை நிகழ்ச்சியின் தொடக்கத்தில், படிக்கக்கூடிய அளவு எழுத்தில், படிக்கக்கூடிய நேரம் வரை காட்டட்டும். யாருக்கு எத்தனை வாக்கு என்பதை ஒவ்வொரு வாரமும் எண்ணிக்கையோடு வெளியிடட்டும். போட்டியாளர் சிறுவராக இருந்தால், அவரைப் பற்றிய அறிமுகக் காட்சியை ஒளிபரப்பும் முன் பெற்றோருக்குக் காட்டி ஒப்புதல் பெறட்டும். இதற்கெல்லாம் பெருஞ்செலவு ஒன்றும் ஆகாது.

தங்கள் வாசகர்களில் இத்தகைய நிகழ்ச்சிகளின் படத்தொகுப்பு அறைகளில் வேலை பார்த்தவர்கள் இருப்பார்கள். எங்களைப் போன்றவர்கள் வெளியிலிருந்து ஊகிப்பதை அவர்கள் நேரடியாக அறிந்திருப்பார்கள். பெயர் வெளியிடாமலேனும் அவர்கள் எழுதினால் தாங்கள் அதற்கு இடமளிக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இசை ஆசிரியை,
திருவாரூர் மாவட்டம்.